சென்னைக்கு மிக அருகில்

சென்னை எங்கே முடிகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனை விற்பவருக்குக் கோபம் வரும். திண்டிவனத்தைத் தாண்டி, ஒற்றைப் பனைமரமும் சுண்ணாம்பு அடித்த நாலு கல்லும் நிற்கிற இடமாக இருந்தாலும், அவர் நீட்டும் நோட்டீஸில் ‘சென்னைக்கு மிக அருகில்’ என்றுதான் இருக்கும்.

நாம் சிரித்தோம். அரசு சிரிக்கவில்லை. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 ஆக்கி, 2022 அக்டோபரில் ஆணையே போட்டுவிட்டது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. அரக்கோணம் ராத்திரி சிற்றூராகப் படுத்து, காலையில் பெருநகரமாக எழுந்தது. குழாயில் வந்த தண்ணீர் என்னவோ அதேதான். காஞ்சிபுரமும் உள்ளே வந்தாயிற்று. பல்லவர் தலைநகரம் இப்போது நமக்குப் புறநகர்!

பேருந்து நிலையமும் சும்மா இருக்குமா? பாரிமுனையிலிருந்து 2002-இல் கோயம்பேட்டுக்கு நகர்ந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்துக்கு. போன மாதம் மதுரை அத்தை விடியற்காலை நாலு மணிக்கு அங்கே இறங்கி, “சென்னை வந்துட்டேன்டா” என்று போன் செய்தார். மயிலாப்பூர் வீட்டுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் சொன்ன தொகையைக் கேட்டதும், “மதுரையிலேர்ந்து வந்ததே இதைவிடக் கம்மிடா” என்றார்.

செங்கல்பட்டில் மாமியார் வீடு உள்ளவர்கள் கவனிக்கவும்: இனி ‘ஊருக்குப் போகிறேன்’ என்று லீவு கேட்க முடியாது. உள்ளூர்தான்.