செல்ஃப் எடுக்காத காலம்

எண்பதுகளில் டீசல் அம்பாசடர் நின்ற வீட்டில் நீங்கள் வளர்ந்திருந்தால், அல்லது அப்படியொரு வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருந்து விடியற்காலைத் தூக்கத்தைப் பறிகொடுத்திருந்தால், சாவியைத் திருப்பியதும் வரும் அந்த ஒற்றை ‘டொக்’ இன்னும் உங்கள் காதில் இருக்கும். அதற்குப் பின் ஒரு மௌனம், மௌனத்துக்குப் பின் அப்பாவின் பெருமூச்சு, பெருமூச்சுக்குப் பின், யாரும் கூப்பிடாமலே, தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிடும்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த வண்டி அதற்குமுன் பல கைகள் மாறியிருந்தது. வயதான வண்டிக்கு வரவேண்டிய சீக்கெல்லாம் முறையாக வந்திருந்தது. 1489 சி.சி. எஞ்ஜின். பெட்ரோல் வண்டி மாதிரி பொறி வைத்துக் கிளப்புகிற சமாசாரம் டீசலில் கிடையாது. உள்ளே போகும் காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். அத்தனை இறுக்கத்தையும் மீறி எஞ்ஜினைச் சுழற்றிவிடுகிற வேலை செல்ஃப் மோட்டாருக்கு. ஆகவே பேட்டரி சோர்ந்தாலும், ஒயர் தளர்ந்தாலும், மார்கழிக் குளிரில் ஹீட்டர் பிளக் சூடாகாவிட்டாலும், பழி என்னவோ செல்ஃபின்மேல்தான் விழும்.

வாசலுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள். காரே வைத்திருக்காத ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அடித்துச் சொல்வார், “பேட்டரி டவுன்.” மெக்கானிக் பாய் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, பானட்டைத் தொடாமலே, “தம்பி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு சாவியைத் திருப்பு” என்று வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். வெளிச்சம் திரி இறங்கிய அரிக்கேன் போலச் சிவந்து ஒடுங்கினால் பேட்டரி, இல்லையென்றால் அதன் டெர்மினல். வெளிச்சம் கொஞ்சமும் குறையாமல் ‘டொக்’ மட்டும் வந்தால் சொலினாய்டு, அல்லது உள்ளே தேய்ந்துபோன கார்பன். ஸ்க்ரூ டிரைவரால் சொலினாய்டின் தடித்த முனைகள் இரண்டையும் பாய் இணைத்துப் பார்ப்பார். பொறி பறக்கும், சிறுவர்கள் கைதட்டுவார்கள், மோட்டார் சுற்றினால் கோளாறு சொலினாய்டில் என்று முடிவாகிவிடும். எஞ்ஜின் அசையாமல் மோட்டார் மட்டும் ‘கிர்ர்’ என்று வெறுமனே ஓடினால், எஞ்ஜினைப் பல்லால் பிடித்துச் சுழற்றவேண்டிய பெண்டிக்ஸ். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அடுப்படியிலிருந்து வெந்நீர் வரும். அது அப்பாவின் இரண்டாம் காபிக்கு வைத்த வெந்நீர் என்பதில் அம்மாவுக்கு மட்டும் வருத்தம்.

எனக்கு மிகப் பிடித்தது, அந்தப் பெண்டிக்ஸ் போய்க் கோக்கும் ரிங் கியரின் பல் தேய்வதுதான். நான்கு சிலிண்டர் எஞ்ஜினை அணைத்தால் அது பெரும்பாலும் அதே ஒன்றிரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். பெண்டிக்ஸும் சொல்லிவைத்தாற்போல் அதே பற்களில் போய் மோதும். மற்றப் பற்களெல்லாம் புத்தம்புதிதாய் இருக்க அந்தச் சில மட்டும் மழுங்கிப்போகும். வைத்தியம் எளிது. டாப் கியரில் போட்டு வண்டியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, நியூட்ரலுக்கு வந்து மறுபடி சாவியைத் திருப்பினால் பிடித்துக்கொள்ளும். இந்த வித்தையைப் பாயிடம் கற்ற நாளிலிருந்து என் நடையே மாறிவிட்டது. கல்லூரிக்குப் போகும்போது சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். கல்யாண வீட்டு வாசலில் மாப்பிள்ளை கார் இரண்டாம் தடவை இருமினால், நாதஸ்வரத்தையும் மீறி எல்லாருக்கும், முக்கியமாகப் பெண்வீட்டுத் தாவணிகளுக்கு, கேட்கும்படியாக “கார்பன் தேஞ்சிருக்கு” என்று அறிவிப்பேன். அந்த இளைஞனை இப்போது எங்காவது பார்த்தால் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போய்விடுவேன்.

இன்றைக்கு என்னிடம் உள்ள வண்டியில் சாவியைத் திருப்புகிற வேலையே இல்லை, பொத்தான்தான். அணைத்த எஞ்ஜின் மறுபடி கிளம்புமா என்ற பயத்தில் ரயில்வே கேட்டிலும், டீக்கடையிலும், ஏன், கோயில் வாசலில்கூட அணைக்காமல் டீசலை எரித்துக்கொண்டு நின்றவன் நான். இந்த வண்டியோ, நான் கேட்காமலே, சிக்னலுக்குச் சிக்னல் தன்னை அணைத்துக்கொள்கிறது, பிரேக்கிலிருந்து கால் எடுத்ததும் கிளம்பியும் விடுகிறது. முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் எனக்கு நெஞ்சு அடைத்தது. இப்போது இன்னொரு பொத்தானை அழுத்தி அந்த வசதியை நிறுத்திவைத்திருக்கிறேன். பழக்கம்!

எப்போதாவது இந்த வண்டி மக்கர் பண்ணினால் ஒரு எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு இளைஞர் வருவார், ஸ்கேனரைச் செருகுவார், திரையில் ஒரு குறியீடு வரும், “ஓகே சார்” என்பார். தெருவில் ஒரு கதவு திறக்காது. ஆனாலும் நியாயம் பேச வேண்டுமல்லவா? பாய் வெளிச்சத்தில் படித்ததை மீட்டர் எண்ணாகவே சொல்லிவிடுகிறது: முழுச் சார்ஜில் 12.6 வோல்ட்; செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே சரிந்தால் முதல் சந்தேகம் பேட்டரிமேல். பாய் கையால் தொட்டுச் சூடு பார்த்த எர்த் ஒயரில், செல்ஃப் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் அதையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தள்ளித் தள்ளி முதுகு பிடித்துக்கொண்ட ஒருவரிடம்போய் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் உத்தர்பாரா தொழிற்சாலையில் நின்றுபோனது. ஆனாலும் ஷெட்டில் ஒரு பழைய டீசல் வண்டியைப் போர்த்தி வைத்திருப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஒரு வார்த்தை: ‘டொக்’ என்று கேட்டதும் செல்ஃபைக் கழற்றச் சொல்லிவிடாதீர்கள். முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் ஒயரையும் கழற்றித் துடைத்து, இறுக்கிப் பாருங்கள். வெந்நீரை மட்டும் காபிக்கு வைத்ததிலிருந்து எடுக்க வேண்டாம்.