ஏழு இலக்கம் கேட்டு ஒரு விண்ணப்பம்

கலகெதர.

பெறுநர்: கொழும்பில் குளிரூட்டிய மாடிகளில் வீற்றிருக்கும் வங்கித் தலைமையகப் பெரியோர்கள்.

விடயம்: எங்கள் கிளையின் குறியீட்டு இலக்கத்தை நாங்களும் அறிந்துகொள்ள அனுமதி கோரல்.

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி,

எந்த வங்கி என்று நான் பெயர் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் மற்ற வங்கிகள் இது தங்களுக்கில்லை என்று நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போய்விடும்.

முதலில் நன்றி. ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் காசோலை மாறுவதற்கு அந்தக் கடதாசியே கொழும்புக்குப் பயணம் போகவேண்டியிருந்தது. 2006 இல் காசோலையின் படம் மட்டும் போனால் போதும் என்றாக்கினீர்கள். 2015 இல் செஃப்ட்ஸ் என்ற உடனடிப் பணமாற்று முறை வந்தது. நள்ளிரவிலும் போயா தினத்திலும் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குச் சல்லி உடனே பாய்கிறது. கொழும்பிலிருந்து கலகெதரவுக்குப் பணம் வரச் சில விநாடிகள். கிளை இலக்கந்தான் கவுண்டர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர முடியாமல் தவிக்கிறது.

பக்கத்து வீட்டு மாமியின் மகள் சவூதியில் வீட்டு வேலை செய்கிறாள். சம்பளம் அனுப்ப அங்குள்ள பணமாற்றுக் கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஐ.எஃப்.எஸ்.சி என்று ஒரு கட்டம், நிரப்பியே ஆகவேண்டுமாம். மாமி பாஸ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கிளைக்குப் போனார். அங்கே இருந்த பிள்ளை அந்த நான்கு எழுத்தையும் முதன்முதலாகக் கேட்பதுபோல் பார்த்துவிட்டு, "கணக்கு நம்பர் சரியா இருந்தா சல்லி வரும்" என்று அனுப்பிவிட்டது.

ஐயா, ஐ.எஃப்.எஸ்.சி என்பது இந்திய வங்கிக் கிளைகளின் குறியீடு. மொத்தம் பதினொரு எழுத்து: நான்கு வங்கிக்கு, ஐந்தாவது எப்போதும் பூச்சியம், மிச்சம் ஆறு கிளைக்கு. கேரளத்தாருக்கும் தமிழ்நாட்டாருக்கும் அடித்த படிவத்தை எங்கள் பெண்களிடமும் நீட்டுகிறார்கள். இன்னொரு கட்டத்தில் ஐபான் என்னும் சர்வதேசக் கணக்கிலக்கம் கேட்பார்கள். சவூதிக் கணக்குகளுக்கு அது உண்டு, இருபத்து நான்கு எழுத்தில். இலங்கைக்கு ஐபானும் இல்லை, ஐ.எஃப்.எஸ்.சியும் இல்லை. எங்களிடம் இருப்பது வெளிநாட்டுப் பணத்துக்கு சுவிஃப்ட் குறி, உள்நாட்டுக்கு ஏழு இலக்கம். இந்த ஒரு வரியைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டியிருந்தால் மாமி வெயிலில் நடந்திருக்க மாட்டார். கதவில் இடம் இல்லைதான். கடனட்டைக் கழிவு விளம்பரம் இருக்கிறதே!

சுவிஃப்ட் குறியின் பெருமையையும் சொல்லவேண்டும். இலங்கை வங்கியின் குறியை வட்ஸ்அப்பில் வாயால் சொல்லிப் பாருங்கள்: பி, சி, ஈ, வை, எல், கே, எல், எக்ஸ். முதல் நான்கு வங்கி, எல்.கே. நாடு, கடைசி இரண்டு இடம். கிளைக்கென்று மேலும் மூன்று எழுத்துச் சேர்க்க வழியுண்டு; ஆனால் எங்களைப் போன்ற ஊர்களுக்கு அந்த மூன்றை யாரும் செலவழிப்பதில்லை. எனவே உலகத்தின் பார்வையில் பணம் கொழும்பில் இறங்குகிறது. கட்டுகஸ்தோட்டையைத் தாண்டிக் குருநாகல் வீதியில் கலகெதரவுக்கு வருவது அதன் சொந்தப் பொறுப்பு.

இனி அந்த ஏழு இலக்கம். முதல் நான்கு வங்கி, பின் மூன்று கிளை. இலங்கை வங்கி 7010, மக்கள் வங்கி 7135, கொமர்ஷல் வங்கி 7056. இதில் அரச இரகசியம் ஏதுமில்லை. ஒவ்வொரு காசோலையின் அடியிலும் காந்த மையில் வங்கி இலக்கமும் கிளை இலக்கமும் அச்சாகியிருக்கின்றன. அதாவது, காசோலைப் புத்தகம் வைத்திருக்கும் கடை முதலாளிக்கு நீங்கள் கேட்காமலே கொடுத்திருக்கிறீர்கள். சேமிப்புப் புத்தகம் மட்டும் வைத்திருக்கும் மாமிக்கு முதல் பக்கத்தில் கிளையின் பெயரும் ஒரு முத்திரையும் யாருக்கும் வாசிக்க முடியாத ஒரு கையெழுத்தும். வெளியூரிலிருந்து பணம் எதிர்பார்த்துக் காத்திருப்பவர் இந்த இருவரில் யார் என்று உங்கள் ஆய்வுப் பிரிவிடம் கேட்டுப் பாருங்கள்.

இலக்கம் தெரியாவிட்டால் செயலியில் பட்டியலைப் பார் என்பீர்கள். பார்த்தோம். பட்டியல் ஆங்கிலத்தில். கலகெதர, கலஹா, கலேவெல, கல்கமுவ, காலி எல்லாம் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. பெருவிரல் சற்று வழுக்கினால் மாமி கலஹாக் கிளையின் வாடிக்கையாளர் ஆகிவிடுகிறார். அப்புறம் பூச்சியம். கிளை இலக்கம் பூச்சியத்தில் தொடங்கினால் சம்பளப் பட்டியல் போடும் கணினி அதை மதிப்பில்லாதது என்று விழுங்கிவிடுகிறது. மூன்று இலக்கம் இரண்டாகி, உங்கள் கணினி அதைக் கிளையே இல்லை என்று திருப்பி அனுப்புகிறது. இரண்டு கணினிகளும் தத்தம் அளவில் சரி. சம்பளம் மட்டும் வந்து சேரவில்லை.

எனக்கு இன்னொரு சந்தேகம். சில வங்கிகளின் கணக்கிலக்கத்துக்குள்ளேயே கிளை இலக்கம் இருக்கிறது. சில செயலிகள் கிளையைக் கேட்காமலே பணத்தைச் சேர்க்கின்றன. அப்படியென்றால் மற்றவர்கள் இன்னும் கேட்பது தேவைக்கா, பழக்கத்துக்கா? தேவைக்கு என்றால் கணக்குக்காரருக்குச் சொல்லிவையுங்கள். பழக்கத்துக்கு என்றால் விட்டுவிடுங்கள்.

பெரிய திட்டம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. குழு அமைக்க வேண்டாம், வர்ணக் கையேடு அடிக்க வேண்டாம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு றப்பர் முத்திரை: மேலே ஏழு இலக்கம், கீழே சுவிஃப்ட் குறி. பாஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் குத்திவிடுங்கள். மைக்கான செலவை எங்கள் கணக்கிலேயே கழித்துக்கொள்ளலாம். கழிப்பதற்கு நீங்கள் ஒருபோதும் எங்களிடம் கிளை இலக்கம் கேட்டதில்லை.

இப்படிக்கு,
கலகெதரவிலிருந்து ஒரு சேமிப்புக் கணக்குக்காரர்