ஆங்கில வீட்டுப்பாடத்தில் அக்காவின் பங்கு: ஓர் ஆய்வு முன்னுரை

தமிழ்நாட்டு வீடுகளில் ஆங்கில வீட்டுப்பாடம் பெரும்பாலும் இரவு எட்டரைக்கு மேல்தான் வெளிப்படுகிறது. அதுவரை "ஹோம்ஒர்க்கே இல்ல" என்பது பையனின் உறுதியான நிலைப்பாடு. தோசைக்கல் அடுப்பேறியதும், "டாஃபடில்ஸ் போயத்துக்கு சம்மரி எழுதணுமாம், நாளைக்கு மிஸ் செக் பண்ணுவாங்களாம்" என்று தகவல் கசிகிறது.

இதன்பின் நடப்பதை ஆய்வுலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. அப்பாவின் பங்களிப்பு கொள்கை அளவில் நின்றுவிடும். "கிராமர் ஸ்ட்ராங்கா இருந்தா மத்ததெல்லாம் தானா வரும்" என்று தாம் படித்த ரென் அண்ட் மார்ட்டினை நினைவுகூர்ந்துவிட்டுச் செய்திச் சேனலுக்குத் திரும்பிவிடுவார். அம்மாவின் துறை சட்டம் ஒழுங்கு. எழுதுபவள் அக்கா. பையன் அப்போது இரண்டாவது தோசையில் இருப்பான்.

அக்காவின் தொழில்நுட்பம் எளிதன்று. தன் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுத்துகளைச் சற்று இடப்பக்கம் சாய்க்கிறாள். கைடில் இருப்பதை அப்படியே இறக்காமல், தம்பிக்கு வாயில் நுழையாத சொற்களைக் களைகிறாள். 'ரிசீவ்' என்று எழுத நேர்ந்தால் 'ஐ'யையும் 'ஈ'யையும் வேண்டுமென்றே இடம் மாற்றுகிறாள். பிழையே இல்லாத நோட்டை எந்த மிஸ்ஸும் நம்ப மாட்டார் அல்லவா? பக்கத்துக்கு இரண்டு பிழை உத்தமம். மூன்றானால் இம்போசிஷன் வரும். அதையும் அவளே எழுதித் தொலைக்க வேண்டும்.

இதை ஏமாற்று வேலை என்பாரும் உளர். இலக்கிய வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. அந்த டாஃபடில்ஸையே எடுத்துக்கொள்வோம். 1802 ஏப்ரல் 15 அன்று அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் வேர்ட்ஸ்வொர்த் அந்தப் பூக்களைப் பார்த்தபோது உடனிருந்தவர் தங்கை டோரதி. கண்டதையெல்லாம் நாட்குறிப்பில் விரிவாக எழுதி வைத்தவரும் அவரே. அண்ணன் கவிதை எழுதியதோ 1804இல். அதிலும் மிகச் சிறந்த இரண்டு அடிகள் மனைவி மேரி தந்தவை என்று கவிஞரே சொல்லியிருக்கிறார். ஆக, நோட்ஸ் தங்கையுடையது, நல்ல வரிகள் மனைவியுடையவை, மார்க் மட்டும் அவருக்கு. (அந்தப் பூவைப் பையனும் பார்த்ததில்லை, மிஸ்ஸும் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பது தனி ஆய்வுக்குரியது.)

அக்கவிதை அச்சேறிய 1807ஆம் ஆண்டிலேயே 'டேல்ஸ் ஃப்ரம் ஷேக்ஸ்பியர்' வெளிவந்தது. நாடகத்தை முழுதாகப் படிக்க முடியாத பிள்ளைகளுக்கான கதைச்சுருக்கம் அது. சுருங்கச் சொன்னால், கைடு. அதிலுள்ள 20 கதைகளில் 14 மேரி லேம்ப் எழுதியவை. சார்லஸ் லேம்ப் எழுதியவை 6. முதற்பதிப்பின் முகப்பில் இருந்ததோ சார்லஸ் பெயர் மட்டும். மேரி அவருக்கு என்ன உறவு என்று கேட்கிறீர்களா? பத்து வயது மூத்த அக்கா!

இதற்குமேலும் சான்று கேட்பவரோடு வாதிட இவ்வாய்வாளருக்குப் பொழுதில்லை. பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. நோட்டு லேபிளில் பெயர், வகுப்பு, பிரிவு ஆகியவற்றின் கீழே 'எழுதியவர்' என்று இன்னொரு கோடு விடுங்கள். அந்த இடத்தையாவது அக்கா தன் சொந்தக் கையெழுத்தில் நிரப்பட்டும்.