பழம்படங்கள் திரியும் விதம்: அடுகோடி வீடொன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

பால் எப்போது திரிகிறது, ஏன் திரிகிறது என்று ஆராயப் பெங்களூர் அடுகோடியில் 1923-லேயே ஒரு நிறுவனம் வந்துவிட்டது. தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையமாக இன்றும் அது மரங்களுக்கு நடுவே இருக்கிறது. படம் எப்போது திரிகிறது என்று ஆராயத்தான் அதே அடுகோடியில் நாதியில்லை. இக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது.

கருதுகோள் வருமாறு: பழைய படம் கெட்டுப்போவதில்லை, வகை மாறுகிறது. திகிலாக எடுத்தது சில பத்தாண்டுகளில் நகைச்சுவையாகிறது. நகைச்சுவையாக எடுத்தது சோகமாகிறது. சோகமாக எடுத்தது எதுவாகிறது என்பதைக் கண்டறிய முடியவில்லை. அத்தை அழுவதால் டிவியின் சத்தம் கேட்பதில்லை.

ஆய்வுக்களம் ஓசூர் சாலையிலிருந்து உள்ளே பிரியும் தெரு ஒன்றில் உள்ள என் மாமா வீடு. மாமா மைக்கோவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கம்பெனியின் பெயர் பாஷ் என்று மாறிப் பல காலம் ஆயிற்று. அடுகோடிக்காரர் வாயில் அது மாறவில்லை. செகண்ட் ஷிப்டு முடிந்து வந்து, தூக்கம் பிடிக்கும்வரை டிவியில் எது ஓடினாலும் பார்த்துப் பழகியதால் மாமாவுக்கு ரசனை என்ற தடை கிடையாது. ஆய்வாளருக்கு இதைவிடத் தூய மாதிரி அமையாது. நடக்கிற தூரத்தில் ஃபோரம் என்ற பெயரில் திறந்த மால் இருக்கிறது. 2004-ல் 11 திரைகளோடு தியேட்டர் வந்தது. மாமா போவதில்லை. பதினொன்றில் ஒன்றிலாவது 1963-ஆம் ஆண்டுப் படம் ஓடட்டும் என்பது அவர் காரணம். பாப்கார்ன் விலை என்பது அத்தையின் காரணம்.

நடுவர் குழுவில் மாமா, அத்தை, போனிலிருந்து தலை தூக்காத அவர்கள் மகள், மாடிவீட்டுக் கன்னடக்காரர் ஆகிய நால்வர். முதலில் ஆனந்த விகடன் வழியில் நூற்றுக்கு மதிப்பெண் போடலாம் என்று முயன்றோம். விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 கொடுத்தது தமிழுலகம் அறிந்தது. அந்த அரை மதிப்பெண் யாருக்கு என்பதில்தான் முதல் அமர்வு உடைந்தது. “மயிலுக்கும் சப்பாணிக்கும் சேர்த்து அறுபத்திரண்டு, பரட்டைக்கு அரை” என்று மாமா பிரித்துக் கொடுத்தார். “நம்ம ஊர் பஸ் கண்டக்டருக்கு அரைதானா சார்?” என்று மாடிவீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். எனவே எண்முறை கைவிடப்பட்டது. அத்தை அடுப்படிக்கு எழுந்து போகிறாரா, மகள் தலை தூக்குகிறாளா என்ற இரண்டு மட்டுமே இவ்வாய்வின் அளவுகோல்கள்.

முதல் சான்று ‘கலை அரசி’ (1963). வேற்றுக் கிரகத்தில் அறிவியல் முற்றிவிட்டது, ஆனால் பாட்டு வாத்தியார் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார்கள். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய், கோமாளி வேடம் கட்டி மீட்கிறார். ககாரின் விண்ணுக்குப் போய் இரண்டே ஆண்டு. இஸ்ரோ பிறக்க இன்னும் ஆறாண்டு. அந்த நாளில் இதை யோசித்ததற்கே தனியாக ஒரு கும்பிடு போடலாம். ஆனால் விண்கலம் தரையிறங்கியதும் மகள் தலை தூக்கினாள், சிரித்தாள், படம் பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். திரிந்துவிட்டது. மாமா மட்டும் அசரவில்லை: “டிசம்பர்ல மெட்ராஸ் பக்கம் வந்திருந்தா அவங்களுக்குக் கிரகம் நிறைய வித்வான் கிடைச்சிருப்பாங்க.”

இதைவிடச் சீக்கிரம் திரிந்தது ‘காடு’ (1952). சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து எடுத்தது. பின்னாளில் பேட்மேன் தொடரில் ஜோக்கராக வந்த சீசர் ரொமேரோ இதில் நம் காட்டில் அலைகிறார். இறுதியில் பனியுக யானைகள் வருகின்றன. அவை ரோமம் ஒட்டிய நம்மூர் யானைகள் என்பதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை.

குதிரைப் படங்களின் கதை வேறு. ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரான கர்ணன், ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (இரண்டும் 1972) என்று தொப்பியும் துப்பாக்கியுமாக எடுத்துத் தள்ளினார். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தில் கௌபாய்கள் வாழ்ந்தார்கள் என்று கேட்பவர் படம் பார்க்கத் தகுதியற்றவர். குதிரை ஓடும் காட்சிகள் இன்றும் சிரிக்க வைக்கவில்லை. ஏனெனில் குதிரை நிஜமாகவே ஓடுகிறது, கேமராவும் கூடவே ஓடுகிறது. இங்கிருந்து ஒரு விதியை வகுக்கலாம்: செட்டையும் கருவியையும் நம்பிய படம் முதலில் திரியும், உடம்பையும் முகத்தையும் நம்பிய படம் தாக்குப்பிடிக்கும்.

உளவுப் படங்களில் விதியைச் சோதிக்க விடவில்லை. ஜெய்சங்கரின் ‘வல்லவன் ஒருவன்’ (1966) ஓடும்போதே மாடிவீட்டுக்காரர் ராஜ்குமாரின் ‘ஜேடர பலே’ (1968) பற்றி ஆரம்பித்துவிட்டார். “எங்க அண்ணாவ்ரு சிஐடி 999. உங்க ஜெய்சங்கருக்கு நம்பர் உண்டா சார்?” மூன்று இலக்கத்தில் இரண்டைச் சுழியமாக வீணடித்த வெள்ளைக்காரனைவிட இது மேல் என்பதை மாமா ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

‘ஜகன்மோகினி’யில் (1978) விதியே ஆட்டம் கண்டது. உடுப்பிப் பக்கம் உத்யாவரத்தில் பிறந்து தெலுங்கில் கொடிகட்டிப் பறந்து, டப்பிங் வழியாகத் தமிழ்க் குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுத்த விட்டலாச்சார்யாவின் படம். மோகினி விறகுக்குப் பதில் தன் காலை அடுப்பில் வைத்துச் சமைக்கும் காட்சியில் ஒரு தலைமுறையே போர்வைக்குள் ஒளிந்தது. அத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சிலிண்டர் விக்கிற விலைக்கு இவ நல்ல மருமகதான்.” திகில், சிரிப்பாகக்கூட மாறாமல் நேரே குடும்பப் பொருளாதாரமாகிவிட்டது. இப்படியொரு திரிபைக் கோட்பாடு எதிர்பார்த்திருக்கவில்லை.

அடுத்த அடி ‘பேடர கண்ணப்ப’ (1954). மாடிவீட்டுக்காரர் செல்போனில் கொண்டுவந்தது. ராஜ்குமார் நாயகனாக வந்த முதல் படம். இதில் இருப்பதும் செட்டுதான், தந்திரக் காட்சிதான். விதிப்படி சிரித்திருக்க வேண்டும். கண்ணைப் பிடுங்கி அப்பும் இடத்தில் மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். விதிவிலக்கைப் பின்னிணைப்பில் விளக்குவதே ஆய்வு மரபு. இக்கட்டுரைக்குப் பின்னிணைப்பு கிடையாது.

அதில் நாயகியாக நடித்த பண்டரிபாய்தான் அதே 1954-ல் ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’ நாயகியும். பட்கலில் பிறந்த அந்த அம்மாள் இரு வீட்டாருக்கும் பொதுச் சொத்து என்பதால் இரண்டு மாடியும் ஒரே சோபாவில் உட்கார்ந்தது. 1943-ல் சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள், ரேடியோ எஞ்சினீயர் சிவாஜி சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். படத்தில் ஒரு பாட்டு கிடையாது. இயக்கியவர் எஸ்.பாலசந்தர், வீணை வித்வான். தன் வீட்டுச் சரக்கைத் தானே தொடாத மனிதர். கொலை செய்தது யாரென்று மாமா முதல் ரீலிலேயே சொல்ல வாயெடுத்தார். “ஏங்க, சும்மா இருங்க” என்று அத்தை கையமர்த்தினார். அவ்வீட்டில் இதற்குமுன் பதிவாகாத நிகழ்வு. யாரும் எழவில்லை, யாரும் சிரிக்கவில்லை, குக்கர் விசிலை யாரும் எண்ணவில்லை.

குழுவின் ஏகோபித்த பாராட்டைப் பதிவுசெய்ய நான் பேனாவைத் திறந்தபோது அத்தை அடுப்படியிலிருந்து தம் தீர்ப்பை அறிவித்தார்: “டப்பா படம்! நடுவுல ஒரே ஒரு பாட்டு வெச்சிருந்தா பருப்பு தீஞ்சிருக்குமா?”