படகுக்கும் ஓர் ஆளுநர்

கேள்வி: கிழக்கு மாகாண ஆளுநர் திருகோணமலையில்தானே இருக்கிறார்? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகின் எஞ்சினுக்கு எதற்கு இன்னொரு 'கவர்னர்'?

பதில்: வாடைக் கடலில் அலை படகின் பின்பக்கத்தைத் தூக்கினால் புரொப்பெல்லர் தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடும். பாரம் இழந்த எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும். அந்த நொடியில் டீசலைக் குறைக்க வர்த்தமானி அறிவித்தல் வரும்வரை காத்திருக்க முடியுமா? அதைத் தானாகவே செய்யும் கருவிதான் எஞ்சினின் கவர்னர்.

கவர்னர் எப்போது தடுமாறும் என்று 1868இலேயே கணக்குப் போட்டவர் இயற்பியலாளர் மாக்ஸ்வெல். இன்று எஞ்சினின் காற்று, எரிபொருள், வெப்பம் எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். அந்தச் சிக்கலான மாதிரியிலிருந்து வேகத்தைத் தீர்மானிக்கும் சில சமன்பாடுகளை மட்டும் வடித்தெடுத்துக் கவர்னரின் கட்டுப்படுத்தியை அமைக்கிறார்கள். பிறகு முழு மாதிரியில் சோதிக்கிறார்கள். அருமையான வேலை இது!

வாடை தொடங்குமுன் உங்கள் படகின் கவர்னரை ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள், அண்ணன்மாரே.