ஒரு டப்பா ரவை இருந்தால் போதும்

விருந்தாளிகளில் இரண்டு வகை. சொல்லிவிட்டு வருகிறவர்களைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அவர்களுக்கு வடை, பாயசம், இரண்டு கறி என்று வீடே முதல் நாளிலிருந்து தயாராகிவிடும். 'இந்தப் பக்கம் ஒரு வேலை, அப்படியே உங்களையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு' என்று மாலை ஐந்தரைக்கு வந்து நிற்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. டிபனுக்குத் தாமதம், சாப்பாட்டுக்குச் சீக்கிரம் என்கிற அந்த நேரத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ!

வள்ளுவர் விருந்தோம்பலுக்குப் பத்துக் குறள் ஒதுக்கியிருக்கிறார். முகம் கோணாதே, அமிழ்தமே ஆனாலும் விருந்தாளியை வெளியே விட்டுவிட்டுத் தனியாகச் சாப்பிடாதே என்றெல்லாம் சொன்னவர், அமிழ்தம் கைவசம் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்று சொல்லாமல் விட்டுவிட்டார். ரவை செய்யலாம்.

அதற்கு முன் 'வேண்டாம்' எண்ணப் பழக வேண்டும். 'ஐயோ, ஒண்ணும் வேண்டாம், இப்பதான் சாப்பிட்டோம்' என்பது மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள. மூன்றாவதைச் சொல்லும்போது கண் அடுப்படிப் பக்கம் போனால் வாணலியை ஏற்றிவிடலாம். சர்க்கரைக்காரர் மட்டும் நாலாவது வரை போவார். அவருக்குக் கேசரி துளியூண்டு வையுங்கள். மறுபடி அவரே கேட்பார்.

இப்போது டப்பாவைத் திறங்கள். ரவை நூல் நூலாகக் கோத்துக்கொண்டு வந்தால், உள்ளே ஏற்கெனவே விருந்தாளிகள் வந்து தங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பையனைப் புதுப் பாக்கெட்டுக்கு அனுப்புங்கள், கொல்லைப்புறமாக. வாசல் வழியாகப் போனானோ, 'எதுக்குப்பா சிரமம்' என்று கையைப் பிடித்து உட்கார வைத்து, எந்த வகுப்பு, கணக்கில் எவ்வளவு என்று விசாரணை தொடங்கிவிடும். ரவை வராது.

ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். ரவையை வாசம் வரும்வரை வறுத்து எடுத்துவிட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் என்று வரிசையாகத் தாளித்துத் தண்ணீர் ஊற்றி உப்புப் போடுங்கள். தளதளவென்று கொதித்ததும் தீயைக் குறைத்து, ஒரு கை தூவ, மறு கை கிளற வேண்டும். அவசரத்தில் மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டும். அந்தக் கட்டி விருந்தாளியின் வாயில் உடைந்து வெள்ளையாக மாவு உதிரும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஊருக்குப் போய்ச் சொல்வார்.

சுவையைவிடப் பெரிய சிக்கல் பெயரில் இருக்கிறது. உப்புமா என்றால் 'பரவாயில்லை, இருக்கட்டும்' என்பவர், கிச்சடி என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு காரட், கைப்பிடிப் பட்டாணி, ஒரு தக்காளி, சிட்டிகை மஞ்சள்தூள், இன்னும் அரை டம்ளர் தண்ணீர். இவ்வளவுதான். வீட்டில் நாலே முந்திரிதான் என்றால் நாலையும் வறுத்து அவர் தட்டில், மேலாக வையுங்கள். உள்ளே புதைத்தால் கணக்கில் வராது.

அதே டப்பாவில் மிச்சமிருப்பது கேசரிக்கு. ரவை நன்றாக வெந்த பிறகுதான் சர்க்கரை; முந்திக்கொண்டு போட்டால் கடைசிவரை நறநறவென்றே இருக்கும். நெய் எவ்வளவு என்பது விருந்தாளி எந்த வழி உறவு என்பதைப் பொறுத்தது. அந்த விவகாரத்தில் நான் தலையிடுவதாக இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என்றால் பஜ்ஜியும் சேர்த்துப் போட்டாக வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, 'ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்' என்பார்கள்.

காபிக்கு முதல் டிகாக்‌ஷன் அவர்களுக்கு, இரண்டாவது உங்களுக்கு. இதை விளக்க வேண்டியதில்லை.

கிச்சடி மீந்தால் கொட்டிவிடாதீர்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்றைப் பிசைந்து சேர்த்து, வடை மாதிரி தட்டி, ரஸ்க் தூளில் புரட்டித் தோசைக்கல்லில் இருபுறமும் சிவக்க எடுத்தால் கட்லெட். ஆனால் 'அப்ப நாங்க கெளம்பறோம்' என்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் அரை மணி நேரமாவது பேசுவார்கள். கட்லெட் வாசம் அடித்தால் செருப்பைக் கழற்றிவிடுவார்கள். தெருமுனை திரும்பிவிட்டார்களா என்று பார்த்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.