ஆடம் ஸ்மித் படித்த பள்ளிக்கூடம்

கே: ஸ்காட்லாந்தில் ஊருக்கு ஊர் பழைய பள்ளி உண்டாமே. ஒன்றைச் சொல்லுங்களேன்?

ப: கர்காடி உயர்நிலைப் பள்ளி. கர்காடி ஃபைஃப் வட்டாரத்துக் கடலோர ஊர். 1582-இல் ஊர்ச் சபை தேவாலயப் போதகரையே வாத்தியாராக்கியது; வகுப்பும் அவர் வீட்டிலேயே. அந்த வருஷம்தான் ஷேக்ஸ்பியருக்குக் கல்யாணம்.

கே: வரைபடத்தில் கர்கால்டி என்றல்லவா இருக்கிறது?

ப: ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு ‘எல்’ உண்டு, வாயில் வராது. கர்கால்டி என்றால் வெளியூர். கர்காடி என்றால் உட்கார நாற்காலி போடுவார்கள்.

கே: அங்கே படித்த பெரும்புள்ளி யார்?

ப: ஆடம் ஸ்மித். 1723-இல் அதே ஊரில் பிறந்தார். சுங்க அதிகாரியான அப்பா, பிள்ளை முகம் பார்க்கும் முன்பே போய்ச் சேர்ந்தார். ஊர்ப் பள்ளியில் லத்தீன் படித்து, 14 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1776-இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலின் பெரும்பகுதியைக் கர்காடிக்குத் திரும்பி வந்து அம்மா வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார். பொருளாதார மேதைக்குத் தெரியாதா, எந்தச் சாப்பாடு லாபம் என்று!

கே: சந்தைதான் சகலமும் என்றவர் ஆயிற்றே. அரசுப் பள்ளி அவருக்குப் பிடிக்குமா?

ப: அது புத்தகத்தைப் பாதியில் மூடியவர்கள் கட்டிய கதை. ஐந்தாம் பகுதி வரை போனவருக்குத் தெரியும். நாள் முழுக்க ஒரே வேலையைச் செய்பவனின் புத்தி மழுங்கிவிடுமே என்று மனிதர் கவலைப்படுகிறார். ஊருக்கு ஊர் பொதுப்பணத்தில் சிறு பள்ளி வேண்டும், கூலியாளும் கட்டக்கூடிய சம்பளமாக இருக்க வேண்டும் என்கிறார். முன்மாதிரியாகக் காட்டுவது ஸ்காட்லாந்துப் பள்ளிகளைத்தான். அந்தப் பக்கங்கள் எனக்குக் கர்காடிக்குச் செலுத்திய குருதட்சிணையாகவே படுகின்றன.

ஒரு நிபந்தனையும் போட்டார்: வாத்தியார் சம்பளம் முழுவதையும் அரசே கொடுத்தால் அசட்டை வந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர்களை மாணவராக ஆறு வருஷம் கிட்டே இருந்து பார்த்தவர்!

கே: வாத்தியார்களில் பிரபலம் உண்டா?

ப: எழுத்தாளர் தாமஸ் கார்லைல், 1816 முதல் 1818 வரை. ஊரில் எட்வர்ட் இர்விங் நடத்திய பள்ளியில் கண்டிப்பு அதிகம் என்று சில பெற்றோர் முறுக்கிக்கொண்டு, போட்டிக்கு இவரைக் கொண்டுவந்தார்கள். போட்டியாளர் இருவரும் உயிர் நண்பர்கள் ஆனார்கள். பாடம் நடத்துவதுதான் கார்லைலுக்கு வேப்பங்காய்.

கே: ஸ்மித்தும் கார்லைலும் ஒத்துப்போயிருப்பார்களா?

ப: ஸ்மித் மறைந்தது 1790. கார்லைல் பிறந்தது 1795. காலம் செய்த உபகாரம். பொருளாதாரத்தை அழுமூஞ்சி சாத்திரம் என்ற பொருளில் 1849-இல் கிண்டலடித்தவர் கார்லைல். எங்கே? விடுதலை பெற்ற கறுப்பின மக்களை மறுபடி கட்டாய வேலைக்குத் தள்ளச் சொன்ன கட்டுரையில். ஸ்மித்தோ அடிமை முறையைச் சாடியவர். என் ஓட்டு மாணவருக்கு.

கே: பிரம்படி உண்டா?

ப: பிரம்பல்ல, தோல்வார். நுனி பிளந்திருக்கும், உள்ளங்கையில் விழும். அதைச் செய்வதில் பேர்போனது அதே ஃபைஃபில் உள்ள லாக்கெல்லி; ஊர்ப் பெயரே வாருக்கும் பெயரானது. இந்த அடியை எதிர்த்து இரண்டு ஸ்காட்லாந்துத் தாய்மார் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1982-இல் வென்றார்கள். 1987-இல் அரசுப் பள்ளிகளில் அடி ஒழிந்தது. வார் தைக்கிறவருக்கு வேறு பிழைப்பு கிடைக்கும். பிள்ளைக்கு வேறு கை கிடைக்குமா?

கே: அங்கே படித்தவர்களில் பிரிட்டன் பிரதமர் யாராவது?

ப: கார்டன் பிரவுன், 2007 முதல் 2010 வரை. போதகர் மகன். சூட்டிகையான பிள்ளைகளைப் பிரித்து முன்கூட்டியே மேலே தள்ளும் பரிசோதனையில் இவரும் சிக்கி, 16 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகம் போனார். ரக்பி ஆட்டத்தில் பட்ட உதையில் இடக்கண் பார்வை போனது. அந்தப் பரிசோதனையை அவரே கண்டித்து எழுதினார். தேறியவனே குறை சொன்னால் நம்பலாம்.

கே: பெண்கள்?

ப: துப்பறியும் நாவலாசிரியர் வால் மெக்டர்மிட். ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஹில்டா கல்லூரிக்கு ஸ்காட்லாந்து அரசுப் பள்ளியிலிருந்து போன முதல் ஆள். அதுவரை கதவு ஏன் திறக்கவில்லை என்பதுதான் துப்பறிய வேண்டிய மர்மம்.

கே: ‘பப்ளிக் ஸ்கூல்’ என்கிறார்களே, அதுவா இது?

ப: இங்கிலாந்தில் அந்தப் பெயர் பணக்காரப் பள்ளிக்கு. ஸ்காட்லாந்தில் அரசுப் பள்ளிக்கு. சொல்லுக்கு நியாயம் செய்தது வடக்குதான்.

கே: இன்று அங்கே சேர எவ்வளவு ஆகும்?

ப: 1582-இல் ஊர்ச் சபை செய்த வேலையை இப்போது ஃபைஃப் கவுன்சில் செய்கிறது. பள்ளி வட்டாரத்துக்குள் குடியிருக்கும் பிள்ளைக்கு இடம் உண்டு. சம்பளம் கிடையாது.